கல்லில் இருப்பவன் இடதுகைக்காரன்

ஐம்பதாவது தாளை இன்றைக்கு எடுத்துவிட வேண்டும். இன்றைக்கு என்று போன செவ்வாய்க்கிழமையும் சொன்னேன், அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையும் சொன்னேன். நாற்பத்தொன்பது தாள்கள் காய்ந்து, அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. ஐம்பதாவது மட்டும் வெள்ளையாக மேசை ஓரத்தில் கிடக்கிறது. மை இறுகிப்போச்சு, காகிதத்தில் ஈரம் போதாது, தோள் வலிக்கிறது என்று பதினோரு நாளாகச் சாக்கு. தெற்கிலிருந்து வந்திருக்கும் மேலாளர் நல்ல பிள்ளை, வற்புறுத்துவதில்லை. தினமும் ஒரு தடவை வந்து அந்த வெள்ளைத் தாளைப் பார்த்துவிட்டுப் போகிறார், அது வற்புறுத்துவதைவிட மோசம். ஒரு கல்லிலிருந்து ஐம்பது அச்சு, அதற்குமேல் ஒன்றுகூடக் கூடாது. ஐம்பது முடிந்ததும் உளியால் கல்லின் குறுக்கே இரண்டு கோடு ஆழமாக இழுத்து உருவத்தைக் கெடுத்துவிட வேண்டும். இனி யாரும் இதிலிருந்து அச்சு எடுக்க முடியாது என்று வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டுமாம். நியாயம்தான். இருபத்தாறு வருஷமாக, வடகோடிப் பனிக்கடலோரத்து இந்தக் கூட்டுறவு அச்சுப் பட்டறையில் எத்தனை கல்லைக் கெடுத்திருப்பேன், ஆந்தை, கரடி, வாத்துக் கூட்டம், பிள்ளை சுமந்த பெண்கள், ஒன்றுக்கும் கை நடுங்கியதில்லை. இந்தக் கல்லில் இருப்பவன் இனுக்கி. என் மகன். ஒன்பது மணியாகியும் வெளியே சரியாக விடியவில்லை, கெட்டில் சத்தம் போடுகிறது.

"அம்மா, டீ இருக்கா?" என்று சாகியாசி கேட்கிறார். ஊற்றிக்கொடுக்கிறேன். சாகியாசிக்கு அறுபத்தாறு வயது, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், இந்தப் பட்டறையின் மூத்த கல்செதுக்கி, முன்பல் இரண்டு கிடையாது. அவர் என்னை அம்மா என்கிறார், நான் அவரை மகனே என்கிறேன். அவருக்குப் பன்னிரண்டு வயதில் அவர் அம்மா ஈவாலு செத்துப்போனாள். அடுத்த மாதம் நான் பிறந்தேன், அவள் பெயரை எனக்கு வைத்தார்கள். எங்கள் ஊரில் பெயர் என்பது வெறுமனே கூப்பிடுவதற்கு இல்லை, பெயரோடு ஆளும் வந்துவிடுகிறார். ஆண் பெயர் பெண் பெயர் என்ற பேதமும் கிடையாது. நான் கையளவு இருந்தபோது அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் எங்கள் வீட்டுக்கு வந்து, மெல்லவே தெரியாத என் வாயில் கடல்நாய்க் கொழுப்புத் துண்டு ஒன்றை வைத்தானாம், அம்மாவுக்குப் பசிக்குமே என்று. எனக்குக் கல்யாணம் ஆனபோது என் புருஷனை 'அப்பா' என்று கூப்பிட்டே அவர் படுத்திய பாடு கொஞ்சமல்ல. என் புருஷனும் போய் ஒன்பது வருஷமாகிவிட்டது. ஐம்பத்துநாலு வருஷமாக நான் இந்தக் கிழவருக்கு அம்மா, ஒரு நாளும் மகனே என்கிற வார்த்தை எனக்குத் தொண்டையில் நின்றதில்லை. பிறகு ஏன் அந்த இன்னொரு பிள்ளையிடம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. "ஜாமிசி பதினோரு மணிக்கு வர்றானாம்" என்கிறார் சாகியாசி டீயைப் பார்த்தபடி. "பிள்ளையைத் தூக்கிட்டு. விமானம் பன்னண்டுக்கு. மேகம் எறங்காம இருந்தா." ஜாமிசி இனுக்கியோடு கூடவே வளர்ந்தவன். "ஒரு தடவ அதை மகனேன்னு கூப்பிட்டா என்னம்மா கொறஞ்சிடும்?" ரோலரை எடுத்துத் துடைக்கிறேன், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கிறது.

குறைந்துவிடும், சாகியாசி. உனக்குத் தெரியாது. கல்லைப் பார்க்கிறேன். இது எங்கள் பூமிக் கல்கூட இல்லை. தெற்கே ஏதோ நகரத்து விடுதியில் பில்லியர்ட்ஸ் மேசையின் துணிக்கு அடியில் கிடந்த பலகைக்கல், கப்பலில் வந்தது. இதன்மேல் எத்தனை குடிகாரர்கள் சாய்ந்திருப்பார்களோ. இப்போது இதில் என் பிள்ளை பனிக்கட்டியில் ஒரு துளைக்குமுன் நிற்கிறான், கடல்நாய் மூச்சுவிட மேலே வரும் துளை, ஈட்டி ஓங்கியபடி, இடது கையில். இனுக்கி இடதுகைக்காரன். கரண்டி, கத்தி, துப்பாக்கி, எல்லாம் இடது. நான் அதுவரை என் வாழ்நாளில் ஒரு படம் வரைந்ததில்லை, மற்றவர்கள் வரைந்ததைச் செதுக்கி, மை போட்டு, அச்செடுப்பதுதான் என் வேலை. போன குளிர்காலத்தில் ஒரு மதியம் அவனை வரைந்தேன், கை தானாகப் போயிற்று, முகம்கூட இல்லை, நிற்கிற விதம் மட்டும், ஆனால் அவன்தான். வரைந்த தாளைக் கவிழ்த்துப்போட்டுக் கல்லில் பதிக்க வேண்டும். அப்போதுதான் கல்லில் இடம் வலமாக மாறி, அச்செடுக்கும்போது மறுபடி மாறி, தாளில் வரைந்தபடியே வரும். நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்குக்கூடத் தெரிந்த விஷயம். நான் கவிழ்க்க மறந்துவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. மூன்று வாரம் உட்கார்ந்து செதுக்கியபோதும் கண்ணில் படவில்லை, எப்படிப் படும், கல்லில் அவன் அவனாகவே இருந்தானே. முதல் தாளை உரித்தபோது அதில் வலது கையில் ஈட்டியோடு வேறு ஒருவன் நின்றான். மேலாளர் பின்னால் நின்று அருமை அருமை என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம், கல்லைத் தேய்த்துவிட்டு மறுபடி செதுக்கியிருக்கலாம். தேய்க்க மனசு வரவில்லை. அச்சு போனால் போகட்டும், கல்லில் அவன் சரியாக இருக்கிறான் என்று வாயை மூடிக்கொண்டேன். தெற்கே அச்சுகளைத் தேர்வுசெய்கிற குழுவும் பார்த்துச் சரி என்றுவிட்டது. அவர்களுக்கு எந்தக் கை எந்தக் கையென்று என்ன தெரியும்.

ஊருக்குத் தெரிந்தது. முதல் அச்சைச் சுவரில் குத்தி வைத்ததும் வந்தவர் போனவர் எல்லாம் ஒரே பாட்டு. "அட, ஜாமிசியை அப்படியே எறக்கிட்டியே ஈவாலு!" தோள் அதே தோள்தான், இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே மாதிரி கொஞ்சம் முன்னால் சாய்ந்து நிற்பார்கள், ஆறு வயதிலிருந்து சேர்ந்தே வளர்ந்தவர்கள், என் வீட்டில் ஒரே தட்டில் தின்றவர்கள். கை ஒன்றுதான் வித்தியாசம். அந்தக் கையை மாற்றினால் என் மகன் ஜாமிசி ஆகிவிடுகிறான். செத்தவனை வரையப் போய் பிழைத்தவனை நாற்பத்தொன்பது தடவை அச்சடித்து வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கு வரவில்லை. போன வருஷம் மே மாதம் இரண்டு பேரும் பனிக்கட்டியின் விளிம்புக்கு, திறந்த கடல் தொடங்குகிற இடத்துக்கு, வேட்டைக்குப் போனார்கள். இனுக்கியின் சறுக்குவண்டி முன்னால் போயிற்று. பனி உடைந்தது. ஜாமிசி குப்புறப் படுத்து ஊர்ந்துபோய் கையைப் பிடித்திருக்கிறான், இடது கையை, பிடித்து இழுத்திருக்கிறான், கையுறை கழன்று ஜாமிசி கையோடு வந்துவிட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை. சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றான், கடல்நாய்த் தோலில் நான் தைத்த கையுறையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு. நான் சொன்னேன், எல்லார் முன்னாலும் சொன்னேன்: "கையை விட்டுட்டு உறையை மட்டும் எதுக்குடா கொண்டுவந்தே?" அதுதான் அவனோடு நான் கடைசியாகப் பேசியது. ஒன்றரை வருஷம் ஆகிறது. சின்ன ஊர், என் வார்த்தை எல்லா வீட்டுக்கும் போய்விட்டது, அவனோடு வேட்டைக்குப் போக ஆள் சேர்வதில்லை என்று கேள்விப்பட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அன்று அடுப்புக்கு மேல் கம்பியில், வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். மையைப் பார்.

மை இளகிவிட்டது. ரோலரைக் கண்ணாடிமேல் உருட்டுகிறேன், சளசளவென்று சத்தம் வர வேண்டும், அப்போது பதம் சரி. செத்தவர்கள் கனவில் வந்து தண்ணீர் கேட்பார்கள். எந்த வீட்டில் கேட்கிறார்களோ அந்த வீட்டில் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அந்தப் பெயர். அது அவர்கள் எடுக்கிற முடிவு, நாம் ஒன்றும் செய்ய முடியாது. கடல்நாயை அடித்துக் கொண்டுவந்தால்கூட என் தாய் அதன் வாயில் பனி உருக்கிய நல்ல தண்ணீரைச் சொட்டவிடுவாள், உப்புத் தண்ணீரில் வாழ்ந்த ஜீவனுக்குத் தாகம் தீராது என்று. இனுக்கி உப்புத் தண்ணீரில் போனவன். எவ்வளவு தாகம் இருக்கும். படுக்கப்போகும்போதெல்லாம் தலைமாட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன், பதினோரு மாதம் வைத்தேன், காலையில் அதை எடுத்துக் கொட்டினேன். அவன் வரவில்லை. ஜாமிசியின் பெண்டாட்டி லீட்டியாவின் கனவில் போயிருக்கிறான். நிறைமாதக்காரி. கதவைத் திறந்துகொண்டு ஈரத்தோடு வந்தானாம், தாகமா இருக்கு என்றானாம், அவள் கொடுத்தாளாம், குடித்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டானாம். ஏப்ரலில் பெண் பிறந்தது, இனுக்கி என்று பெயர் வைத்தார்கள். பெற்றவள் நான் இருக்கும்போது அங்கே எதற்குப் போனான். அவனைக் கைவிட்டவன் வீட்டில் எதற்குத் தண்ணீர் கேட்டான். ஏழு மாதமாக நான் அந்தப் பிள்ளையைப் பார்க்கப் போகவில்லை. அது ஓயாமல் அழுகிறதாம், எடை ஏறவில்லையாம், நர்ஸ்கள் எல்லாச் சோதனையும் செய்து ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள், அதனால் இன்றைக்குத் தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு. ஊர் வேறு மாதிரி சொல்கிறது. அம்மா இன்னும் மகனேன்னு கூப்பிடல, அதான் அழுவுது. பெயருக்கு உரியவரின் சொந்தங்கள் அழைக்காத பிள்ளை பூமியில் ஒட்டாது என்று நானே இரண்டு வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பேச்சே இப்போது என் வாசலில் வந்து நிற்கிறது. ஒட்டாமல் போய்விட்டால்? தெற்கே போகிற விமானத்தில் போய்ப் பெட்டியில் திரும்பி வந்துவிட்டால்? இரண்டாம் தடவையும் அவனை நான்தான், இரண்டாம் தடவையா, யார் முதல் தடவை என்று சொன்னது, நான் அப்படிச் சொல்லவில்லை, ரோலர் வழுக்கிற்று, அவ்வளவுதான்.

கல்லுக்கு மை ஏற்றுகிறேன். முதலில் பனி, சாம்பல் நீலம். பிறகு அவன், கறுப்பு. காலிலிருந்து மேலே போகிறேன். கையை எப்போதும் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், நாற்பத்தொன்பது தடவையும் அப்படித்தான். தாளைத் தூக்கி, மூச்சை நிறுத்தி, இறக்குகிறேன். ஜப்பான் காகிதம், கல்லில் பட்டதும் விடாது. இனி முதுகில் தேய்க்க வேண்டும், வீட்டிலிருந்து எடுத்துவந்த இந்தப் பழைய எவர்சில்வர் கரண்டியின் வயிற்றால், சின்னச் சின்ன வட்டமாக. தேய்க்கத் தேய்க்கக் காகிதத்தின் மறுபக்கத்தில் அவன் மங்கலாகத் தெரிகிறான், கால், இடுப்பு, தோள், இந்தப் பக்கமிருந்து பார்த்தால் இன்னும் இடது கைதான், உரிக்கிறவரை இடது கைதான். எங்கள் குளிருக்குக் கையுறை இரட்டையாக இருக்கும். வெளியே தோல், உள்ளே தடிக் கம்பளியில் ஓர் உறை. உள்ளுறைக்கு இடம் விட்டுத்தான் வெளியுறையை வெட்ட வேண்டும், நானும் விட்டேன், என் தையலில் ஒரு குறையும் கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கட்டும். அவர்கள் வேட்டைக்குப் போனதற்கு முந்தின நாள் இடது உள்ளுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை விழுந்திருந்தது. தைத்தேன். நாற்றமடிக்கிறதே என்று அலசி அடுப்புக்கு மேல் கம்பியில் போட்டேன். காலையில் அவன் வாசலில் தொங்கிய கையுறையை எடுத்துக்கொண்டு போய்விட்டான், பராக்குப் பார்க்கிற பிள்ளை, எதையும் கவனிக்க மாட்டான். நான் ரொட்டி சுட அடுப்புப் பக்கம் போனேன். கம்பியில் உள்ளுறை தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்தேன். ஜன்னல் வழியாக அவர்கள் கரையில் சறுக்குவண்டியைக் கட்டுவது தெரிந்தது, ஜாமிசி ஏதோ சொல்ல இனுக்கி சிரித்தான். நாலு எட்டு வைத்து ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடிவந்து வாங்கிக்கொண்டு போயிருப்பான். மே மாதம்தானே, என்ன குளிர் என்று நினைத்தேன். கையில் மாவு ஒட்டியிருந்தது. மாவு! கையில் மாவு ஒட்டியிருந்ததால் நான் ஜன்னலைத் திறக்கவில்லை. உள்ளுறை இருந்திருந்தால் கையுறை கெட்டியாகப் பிடித்திருக்கும், கழன்றிருக்காது, ஜாமிசி நல்ல பலசாலி. இன்னும் அந்த உறை கம்பியில்தான் தொங்குகிறது. ஒன்றரை வருஷமாக அதற்குக் கீழேதான் சமைக்கிறேன். வருகிறவர்களுக்கு அது ஒரு பழைய உறை. எனக்கு மட்டும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தப் பையன்மேல் அந்த வார்த்தையை வீசினேன். நான் வீட்டுக்குள் திரும்பி அந்த உறையைப் பார்ப்பதற்கு முன்னால் வீசிவிட வேண்டும் என்று வீசினேன். இனுக்கி என் கனவுக்கு வராமல் போனதில் என்ன ஆச்சரியம். கரண்டி ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே இருக்கிறது, போதும், காகிதம் கிழிந்துவிடும்.

உரித்தேன். வலது கை. ஐம்பது. தாளைக் காயப்போட்டுவிட்டுத் திரும்புகிறேன், கதவு திறந்து குளிர் உள்ளே வருகிறது, கூடவே ஓர் அழுகை, மெலிசாக, சோர்ந்துபோன அழுகை, அழுது அழுது அழுவதற்கே தெம்பில்லாத அழுகை. ஜாமிசி கோட்டுக்குள் பிள்ளையை வைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இளைத்திருக்கிறான். உள்ளே வரலாமா என்று தெரியாமல் கதவோரத்திலேயே நிற்கிறான், என் வீட்டில் ஒரே தட்டில் தின்ற பிள்ளை.

"அத்தை" என்றான். "லீட்டியா விமான மைதானத்துல நிக்கிறா. நான் சும்மா... பிள்ளையைக் காட்டிட்டுப் போலாம்னு."

அவன் பார்வை என்னைத் தாண்டிக் கல்லுக்குப் போயிற்று. கிட்டே வந்தான். குனிந்தான்.

"இது அவன்" என்றான். "இடது கை. கல்லுல அவன்தான் இருக்கான்."

"ஆமா. தாளைக் கவுக்க மறந்துட்டேன்."

அவன் கோட்டுக்குள் பிள்ளையைச் சரியாக வைத்துக்கொண்டான். பிறகு, "ஊரெல்லாம் நான்னு சொல்லிச்சு அத்தை. நானும் வந்து பார்த்தேன், நீங்க இல்லாத நேரமாப் பார்த்து. என்னைத்தான் போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். மன்னிச்சிட்டீங்களோன்னு" என்று சொல்லி, சிரிக்கப் பார்த்தான்.

சாகியாசி உளியைத் தீட்டுவதை நிறுத்தியிருந்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன். "ஜாமிசி, அந்தக் கையுறை... லேசாக் கழண்டு வந்துச்சா?"

அவன் முகம் மாறிற்று. பிள்ளையைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டான். "எதுக்கு அத்தை இப்ப அது."

"உள்ளுறை என் வீட்டுல தொங்குது. அன்னிக்குக் காலையிலயே பார்த்தேன். நீங்க கரையிலதான் நின்னீங்க. நான் கூப்பிடல."

"தெரியும்" என்றான் ஜாமிசி.

"என்ன தெரியும்?"

"உள்ள உறை இல்லன்னு. கையில வந்ததுமே தெரிஞ்சிடுச்சு, வெறும் தோலு. உங்க வாசல்ல நிக்கும்போதும் தெரியும்."

"அப்புறம் ஏண்டா யார்கிட்டயும் சொல்லல? ஊரு உன்னை அந்தப் பேச்சுப் பேசிச்சே! நான் பேசினேனே!"

அவன் தோளைக் குலுக்கினான், முன்னால் கொஞ்சம் சாய்ந்து, அவர்கள் இரண்டு பேரும் நிற்கிற அதே மாதிரி. "சொல்லி? நீங்க அதுக்கப்புறம் எப்படித் தைப்பீங்க அத்தை."

நான் அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன், மூக்கைப் புறங்கையால் துடைத்ததில் மை முகமெல்லாம் ஆயிற்று. கோட்டுக்குள்ளிருந்து பிள்ளை தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தது. சின்ன முகம், காய்ந்த உதடு. இவன் ஏன் அங்கே போனான் என்று ஏழு மாதமாகக் கேட்டேனே. தெரிந்தும் சொல்லாதவன் வீட்டுக்குத்தான் போயிருக்கிறான். கெட்டிலில் ஆறிப்போன தண்ணீர் இருந்தது. கரண்டியைச் சட்டையில் நன்றாகத் துடைத்தேன். ஊற்றினேன். பாதி சிந்திற்று.

"மகனே" என்றேன்.

"என்னம்மா?" என்றார் சாகியாசி, பழக்கதோஷத்தில், அந்த மூலையிலிருந்து.

"உன்னை இல்ல" என்றேன்.

கிழவர் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். உளியைக் கையில் எடுத்தார், கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "நீயே போட்டுடு." பின்னால் உளி கல்லில் இறங்குகிற சத்தம் கேட்டது, நீளமாக, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. "மகனே, இனுக்கி, தாகமா இருக்காடா? அம்மாதான். குடி." கரண்டி உதட்டில் பட்டது. அழுகை பாதியில் நின்றது. விக்கி, மூச்சு வாங்கி, உறிஞ்சினாள். கரண்டியை விடமாட்டேன் என்று ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எந்தக் கை என்று ஜாமிசி பார்த்திருப்பான். நான் பார்க்கவில்லை. மெதுவாகக் கரண்டியை விடுவித்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் எடுத்தேன்.